எண்ணெய்க்குள் ஒன்பது குதிரை

இப்போதெல்லாம் ஒருவன் அடுத்தவன் பட்டறைக்குள் நுழைந்தால் சௌக்கியமா என்று கேட்பதில்லை. நேராகப் போய் எதையாவது திறந்து பார்க்கிறான். முகர்ந்து பார்க்கிறான். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்கிறான். இந்தப் பெண்டாட்டியை ஏன் கட்டினீர்கள் என்று கேட்பது ஒன்றுதான் பாக்கி. என் மச்சினன் அதை மட்டும் கேட்கமாட்டான், நான் கட்டியது அவன் அக்காவை.

அவனைக் குழாய் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். கையில் எப்போதும் ஒரு முழம் ரப்பர் குழாய் இருக்கும். பல வருடம் வெளியூரில் யார் யாருடைய ரேஸ் வண்டிகளிலோ வேலை பார்த்துவிட்டு, போன மழைக்காலத்தில் திரும்பி வந்தான். வந்தவன் என் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டு என் பட்டறையில் குறை கண்டுபிடித்துக்கொண்டிருந்தான்.

என் மகள் ரேஸ் கார் ஓட்டுகிறாள். அவள் ஓட்ட ஆரம்பித்ததிலிருந்து இன்ஜின் நான் கட்டியதுதான். ஒவ்வொரு ரேசுக்கு முன்னாலும் ஆயில் பார்க்கும் குச்சியை உருவி, சட்டை நுனியில் துடைத்து, மறுபடி விட்டுப் பார்த்து, அவளைப் பார்த்துத் தலையசைப்பேன். அதன் பிறகுதான் அவள் ஸ்டார்ட் பொத்தானில் கை வைப்பாள். "பெரியவர் மண்டையை ஆட்டினாத்தான் வண்டி கிளம்பும்" என்று மற்ற வண்டிக்காரர்கள் கேலி பேசுவார்கள். பேசட்டும் என்று இருப்பேன். உள்ளுக்குள் அது எனக்குப் பிடித்திருந்தது.

என் இன்ஜினில் ஆயில், குச்சியில் இருக்கும் கோட்டுக்குக் கொஞ்சம் மேலேதான் நிற்கும். தெரிந்தேதான் ஊற்றுகிறேன். நீளமான வளைவில் வண்டி திரும்பும்போது ஆயில், தொட்டியின் ஒரு பக்கச் சுவரில் ஏறிக்கொள்ளும். அந்த நேரத்தில் பம்பு காற்றை உறிஞ்சினால் பேரிங் தீய்ந்துவிடும். கூடுதலாக இருந்தால் பயமில்லை.

இந்த வருடம் வளைவுகளில் முந்துகிற மகள் நேர்ப்பாதையில் பின்தங்கிக்கொண்டே இருந்தாள். அடுத்த ரேசில் முதல் மூன்று இடத்துக்குள் வராவிட்டால் வண்டியை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று வண்டியின் முதலாளி சொல்லிவிட்டார். கியர் மாற்றுவதில் அவசரப்படுகிறாள் என்றேன் நான். குழாய் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னான்.

"அவ மேல தப்பில்லை அத்தான். இன்ஜின்ல ஆயில் ஜாஸ்தி. கீழ இருக்கிற கிராங்க் தண்டு அதுல அடிச்சுக்கிட்டே சுத்துது. முழங்கால் தண்ணியில ஓடச் சொன்னா யாரு வேகமா ஓடுவா?"

மகள் என்னைப் பார்க்காமல் அவனைப் பார்த்தாள். "எப்படி மாமா கண்டுபிடிக்கிறது?" என்றாள். என்னிடம் அவள் எப்படி என்று கேட்டதே கிடையாது. நான் சொன்னால் சரி என்பாள், அவ்வளவுதான். அதை இத்தனை நாளும் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

டைனோ ஊருக்கு வெளியே இருந்தது. இன்ஜினை இரும்புச் சட்டத்தில் கட்டி, முழு வேகத்தில் ஓடவிட்டு, எத்தனை குதிரைத்திறன் என்று அளக்கிற இயந்திரம். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நாங்கள் மூவரும் நின்றோம். முதலில் என் ஆயில், என் அளவு. ஓடியது. திரையில் ஒரு எண் வந்தது. எனக்கு அந்த எண்ணில் ஒரு குறையும் தெரியவில்லை.

பிறகு குழாய் தான் கொண்டுவந்த ஆயில் தொட்டியைக் கீழே மாட்டினான். வளைவில் ஆயில் ஓடிவிடாமலிருக்க அதற்குள் தடுப்புத் தகடுகள் இருந்தன. என் அளவைவிடக் குறைவாக, அதுவும் தண்ணீர் மாதிரி ஓடுகிற ஆயிலை ஊற்றினான். உள்ளே சேரும் புகை வெளியேற நான் வைத்திருந்த இரண்டு காற்றுக் குழாய்களையும் பிடுங்கி அடைத்துவிட்டு, பெல்ட்டில் ஓடும் வேக்கம் பம்பு ஒன்றைப் பக்கவாட்டில் பொருத்தினான்.

"பிஸ்டன் ரிங்கைத் தாண்டி இறங்குற புகை கீழ அடைஞ்சு கிடக்குது அத்தான். பிஸ்டன் இறங்குறப்ப அது முட்டுது. பம்பு அதை இழுத்துட்டா பிஸ்டன் லேசா இறங்கும், ரிங்கும் நல்லா ஒட்டி உட்காரும்."

"அந்தப் பம்பை யாரு சுத்துறது? உங்க அக்காவா? அதுவும் இன்ஜின் சக்தியைத்தானே தின்னும்?"

"தின்னும். ஆனா தின்னதுக்கு மேல குடுத்துடும்."

"அப்ப உன்னை மாதிரி இல்லேன்னு சொல்லு."

டைனோக்காரன் சிரித்தான். மகள் சிரிக்கவில்லை. நானும் விடவில்லை. "எல்லாத்தையும் உறிஞ்சி எடுத்துட்டா பிஸ்டனைக் கோத்திருக்கிற பின்னுக்கு எண்ணெய் எங்கேருந்துடா போகும்?" என்றேன்.

"அது நியாயமான கேள்வி" என்றான் குழாய். "அதுக்குத்தான் இந்த வால்வு. ஒரு அளவுக்கு மேல இழுக்க விடாது." அவன் சண்டை போட்டிருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஒப்புக்கொண்டு பேசுகிறவனை என்ன செய்வது?

பொத்தானுக்குப் பக்கத்தில் மகள் நின்றாள். அமுக்குவதற்கு முன்னால் தலையைத் திருப்பிப் பார்த்தாள். அவனைத்தான் பார்த்தாள். அவன் தலையசைத்தான். அப்படி ஒரு வழக்கம் இருப்பதே தெரியாத மாதிரி, ரொம்ப சாதாரணமாக.

திரையில் ஒன்பது குதிரை கூடியிருந்தது. மறுபடி ஓட்டினார்கள், அதேதான். மகள் கூவிக்கொண்டு அவன் தோளில் ஓங்கித் தட்டினாள். அவன் வலிக்கிற மாதிரி நடித்தான். என் தோளில் அவள் அப்படித் தட்டியதில்லை. தட்டுகிற மாதிரியா நிற்கிறீர்கள் என்பாள் என் மனைவி.

"ஒம்போது குதிரையும் இத்தனை நாள் எங்கே இருந்துச்சு? எண்ணெய்க்குள்ள முங்கிக் கிடந்துச்சா?" என்றேன்.

"ஆமா அத்தான்" என்றான், கேலியே இல்லாமல்.

"பவர் வரும்டா. பேரிங் போகும். ஆயில் ஃபில்டரை அறு, பாப்போம்."

அவன் ஃபில்டரைக் கழற்றிக் கொடுத்தான். நானே அறுத்தேன். உள்ளே இருந்த மடிப்புக் காகிதத்தை உருவி, பிழிந்து, ஜன்னல் ஓரமாகப் போய் ஒவ்வொரு மடிப்பாக விரித்தேன். பேரிங் தேய்ந்திருந்தால் அதன் தூள் இதில்தான் வந்து ஒட்டும், வெயிலில் மின்னும். ஒன்று கிடைத்தால் போதும். மீன் செதிலில் பாதி இருந்தால்கூடப் போதும். மூக்குக்கண்ணாடியை ஏற்றி ஏற்றிப் பார்த்தேன். இரு, இருக்கும், எங்கே போய்விடும் என்று மனசு சொல்லிக்கொண்டே இருந்தது. பாதிக் காகிதம் தாண்டிய பிறகுதான் எதைத் தேடுகிறேன் என்பது உறைத்தது. அது நான் என் கையால் கட்டிய இன்ஜின். என் பெண் உட்கார்ந்து ஓட்டப்போகிற வண்டி. அது நாசமாகியிருக்க வேண்டும் என்று எண்ணெய்க் கையோடு நின்று வேண்டிக்கொண்டிருந்தேன். உறைத்த பிறகும் கை நிற்கவில்லை.

பக்கத்தில் மகள் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை.

"கிடைக்கலையாப்பா?"

வீட்டில் சாவியைத் தொலைத்துவிட்டுத் தேடுகிறவனிடம் கேட்பது மாதிரி கேட்டாள். நான் அடுத்த மடிப்பை விரித்தேன்.

"ரேசுக்கு இதே செட்டிங்லதான் ஓட்டப்போறேன். நீங்க வரணும்."

"நான் எதுக்கு? அவன்தான் இருக்கானே."

"மாமா பம்பைப் பாத்துக்குவாரு. நீங்க..." என்று நிறுத்தினாள். நான் எதைப் பார்த்துக்கொள்வது என்று யோசிக்கிறாள் என்று தெரிந்தது. யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டிய இடத்துக்கு நான் வந்துவிட்டேன்.

"ஒரு நாள் ஓடினா என்ன தெரியும்? ஓடட்டும். அந்த நீள வளைவுல என்ன ஆகுதுன்னு அப்ப பேசுவோம்" என்றேன்.

"அப்பா, அதுக்குத்தான் தடுப்பு..."

"தெரியும் தெரியும். தகடு. நானும் பாத்தேன்."

இன்ஜினை வேனில் ஏற்றினார்கள். முன் சீட்டைக் காலியாக விட்டு, "ஏறுங்க அத்தான், வெயில் கொளுத்துது" என்றான் குழாய். எனக்கு நடக்கத் தெரியும் என்று சொல்லிவிட்டுச் சாலையில் இறங்கினேன். கையிலிருந்த ஃபில்டர் காகிதத்தைப் போடவும் மறந்துவிட்டேன். எண்ணெய் சொட்டிச் செருப்புக்குள் வழுக்கியது. பின்னால் வந்த வேன் என் நடைக்குக் கொஞ்ச தூரம் மெதுவாக உருண்டது, ஒரு தடவை ஹாரன் அடித்தது, நான் திரும்பாததைப் பார்த்துத் தாண்டிப் போனது.

அது போன பிறகு காகிதத்தைத் தூக்கி வெயிலில் பிடித்தேன். கடைசி மடிப்பு ஒன்று விரிக்காமல் இருந்தது. விரித்தபோது ஓரத்தில் என்னவோ மின்னியது. எண்ணெயா, தூளா? விரலால் தடவினேன். விரலிலும் மின்னியது. அந்த விரலைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, காகிதத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்தேன்.