வைக்காத எண்ணெய்

கம்பி வலையை மண்ணெண்ணெய்ப் பேசினுக்குள் அமிழ்த்தி மூன்றாந்தரம் உலுப்பிக்கொண்டிருந்தபோது பெரியப்பா படலையைத் தள்ளிக்கொண்டு வந்தார். பத்மாசனி நிமிர்ந்து பார்த்தாள், எழும்பவில்லை. பேசினுக்குள் மண்ணெண்ணெய் தூசியில் கலங்கிக் குரக்கன் கூழின் நிறத்துக்கு வந்திருந்தது.

"கொம்மா உள்ள கிடக்கிறா. நீ காரின்ர சாமானைக் கழுவிக்கொண்டிருக்கிறாய்," என்றார் பெரியப்பா.

"ஓம் பெரியப்பா. இதையும் அவாதான் கழுவுறவா. இண்டைக்கு அவாவுக்கு ஏலாது."

இருபத்திரண்டு வருடமாக இந்த வளவுக்குள் பெரியப்பா கணபதி வந்ததை விரல் விட்டு எண்ணலாம். வந்தாலும் தண்ணீர் குடித்ததில்லை. தம்பி வீரபாகு தேயிலைத் தோட்டத்துப் பெட்டையைக் கட்டிவிட்டான் என்ற கோபம் அவருக்கு. ஐம்பத்தெட்டுக் கலவரத்தில் தாய் தகப்பனோடு மலையிலிருந்து இறங்கி, புளியங்குளத்துக்குக் கிழக்கே இந்தக் கொலனியில் நெல் வெட்ட வந்தவள் ராக்காயி. வெட்டிய நெல்லோடு வீரபாகுவின் மனதையும் கட்டிக்கொண்டு போய்விட்டாள் என்று பெரியம்மா இன்றைக்கும் சொல்லுவாள்.

அந்த ராக்காயி, பத்மாசனியின் அம்மா, நேற்று மத்தியானம் வவுனியா ஆஸ்பத்திரியில் செத்துப்போனாள். வீரபாகு வாடகைக்கு ஓட்டுகிற தன்னுடைய கயர் காரிலேயே அவளைக் கொண்டுவந்தார். வரும் வழியில் கார் இரண்டு இடத்தில் இருமி இருமி நின்றுவிட்டது. எஞ்சின் மூச்செடுக்கும் வலை கிரவல் ரோட்டுத் தூசியால் அடைத்திருந்தது. கோடையில் கிழமைக்கு ஒருதரம் அதைக் கழற்றிக் கழுவி, காயவைத்து, எண்ணெய் விட வேண்டும். எண்ணெய் இருந்தால்தான் தூசி வலையில் ஒட்டும், இல்லாவிட்டால் நேரே எஞ்சினுக்குள் போய்விடும். எஞ்சினையே கழற்றிப் பூட்டுகிற வீரபாகுவுக்கு இந்தக் கழுவல் வேலைக்கு மட்டும் பொறுமை இல்லை. அது அம்மாவின் வேலை. "சட்டி கழுவுற கைக்கு இது என்னா பெரிய வேலையா?" என்று கேட்டுக்கொண்டே வலையை வெயிலுக்கு எதிரே பிடித்து, ஒற்றைக் கண்ணால் பார்ப்பாள். மறுபக்கத்து வானம் தெரிய வேண்டும் அவளுக்கு. அவள் ஆஸ்பத்திரியில் கிடந்த இரண்டு மாதமும் வானம் தெரியாமலே கார் ஓடியது.

அப்பா உள்ளேயிருந்து வந்தார். சவரம் செய்யாத முகம், மேலில் சட்டை இல்லை.

"சனம் கதைக்குது வீரபாகு," என்றார் பெரியப்பா. "கொலனிச் சுடலையில வேண்டாமாம். வாய்க்காலுக்கு அங்கால அவையின்ர தோட்டத்து ஆக்களுக்கு இடம் கிடக்கு. அணைக்கட்டால கொண்டுபோனால் ஒருத்தருக்கும் கரைச்சல் இல்லை."

"எந்தச் சனம் அண்ணை?"

"கொலனிச் சங்கம்தான்."

"சங்கத்துக்குத் தலைவர் நீங்கள்தானே."

பெரியப்பா சால்வையை உதறி மற்றத் தோளில் போட்டார். "பாடை தூக்க ஒருத்தரும் வரமாட்டினம். நான் உள்ளதைச் சொல்லுறன்."

"தூக்க வேண்டாம். கார் கிடக்குது."

"நேற்று ரெண்டு இடத்தில நிண்ட கார்தானே? நடு ரோட்டில சனத்துக்கு முன்னால நிண்டால் என்ன செய்வாய்? தள்ளுறதுக்கு எங்களைக் கூப்பிடாதை."

"நிக்காது," என்றாள் பத்மாசனி.

சொல்லிவிட்டு வலையை இன்னொருதரம் அமிழ்த்தி உலுப்பினாள். நின்றால் அவ்வளவுதான். இறக்கி அணைக்கட்டுப் பக்கம் திருப்பிவிடுவார்கள். அம்மா தன் காலம் முழுவதும் நடந்த பாதை அது. நேர் ரோட்டால் போனால் கொலனிக் கிணற்றடியில் நிற்கிற பெண்கள் குடத்தை இழுத்து வைத்துக்கொள்வார்கள் என்று, கடைக்குப் போவதற்கும் அம்மா சுற்றிக்கொண்டு அணைக்கட்டில்தான் நடப்பாள். ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்று பின் சீற்றில் படுத்துக்கொண்டு சொன்னாள்: "நான் செத்தா தெரு வழியாவே கொண்டு போங்க. அணைக்கட்டுல நடந்து நடந்து அலுத்துப்போச்சு."

பெரியப்பா போனபின் வலையை வெயிலில் வைத்தாள். விறாந்தையில் எண்ணெய்க் கிண்ணம், அரப்புக் கிண்ணம், பால் கிண்ணம் மூன்றும் அறுகம்புல்லோடு அப்படியே இருந்தன. சவத்தைக் குளிப்பாட்டுமுன் உறவும் அயலும் வரிசையில் வந்து, புல்லால் எண்ணெயும் அரப்பும் தொட்டுத் தலையில் வைக்க வேண்டும். கலியாணத்துக்குத்தான் சொல்லிவிட வேண்டும், சாவுக்குச் சொல்லத் தேவையில்லை என்பார்கள். அப்பா அதை நம்பி ஒரு பெரிய போத்தல் நல்லெண்ணெய் வாங்கி வைத்திருந்தார். பத்மாசனி வைத்தாள். வாய்க்காலுக்கு அங்கால இருந்து அம்மாவின் தம்பி முறையான சுடலைமுத்து மாமாவும் மாமியும் இன்னும் நாலைந்து பேரும் வந்து வைத்தார்கள். கொலனியில் இருந்து ஒரு பெண் வரவில்லை. வேடிக்கை என்னவென்றால், சா வீட்டுக்கு மரியாதையாகக் கடையை மட்டும் பூட்டியிருந்தார்கள்.

மாமியும் பத்மாசனியுமாக அம்மாவைக் குளிப்பாட்டி, கூறைச்சேலை உடுத்திவிட்டார்கள். வெளியே வந்து வலையைத் தூக்கி வெயிலுக்கு எதிரே பிடித்தாள். வானம் தெரிந்தது.

எஞ்சின் எண்ணெய்த் தகர ரின்னைக் கவிழ்த்தாள். ஒரு சொட்டு விழுந்து நின்றுவிட்டது.

"நேற்று இருந்ததெல்லாம் எஞ்சினுக்கு விட்டிட்டன் பிள்ளை," என்றார் அப்பா. கடையும் பூட்டு. புளியங்குளம் சந்திக்குப் போய்வரப் பொழுது பட்டுவிடும்.

பத்மாசனி விறாந்தைக்குப் போய் நல்லெண்ணெய்ப் போத்தலை எடுத்துவந்தாள். எண்ணெய் கழுத்துக்குக் கொஞ்சம் கீழே வரை அப்படியே இருந்தது.

"என்னா தாயி இது?" என்றார் சுடலைமுத்து மாமா. "நல்லெண்ணெய எஞ்சின் தாங்குமா? பொகைக்கும்."

"புகைச்சால் புகைக்கட்டும் மாமா. ஊருக்கெண்டு வாங்கினது. ஊர் வரேல்ல. இதை நான் இனி ஆருக்கு வைக்கிறது?"

மாமா அப்பாவைப் பார்த்தார். அப்பா போத்தலைப் பார்த்தார். "மிச்சத்தை வழிய விட்டுப் போட்டுப் பூட்டு," என்றார். "கூடினால் எஞ்சின் குடிச்சிடும்."

அவள் வலையைச் சுற்றிச் சுற்றிப் பிடித்து எண்ணெயை ஊற்றினாள். கம்பிக்குக் கம்பி பரவி மஞ்சளாய் மினுங்கியது. அம்மா தொங்கவிடுகிற ஆணியிலேயே தொங்கவிட்டு, சொட்டு நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்து, காரில் பூட்டினாள். அப்பாவுக்கு அழுகை வந்தது. மறைக்கவில்லை, அழுதுகொண்டே காரின் இடது பக்கச் சீற்றையும் பின் சீற்றையும் கழற்றினார்.

அம்மா கட்டையான ஆள். பாய் விரித்துக் கிடத்தியபோது கால்கள் முன்னுக்குச் சரியாய் அடங்கின. பத்மாசனி பின்னால் ஏறி அம்மாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"பொம்பளப் புள்ள சுடலைக்குப் போறதில்லையே," என்றாள் மாமி.

"தலை ஆடாமல் பிடிக்க ஆள் வேணும் மாமி."

வீரபாகு எஞ்சினை எழுப்பினார். ஒரே எழுப்பில் எழும்பியது. வாய்க்காலுக்கு அங்கால ஆட்கள் பின்னால் நடந்து வந்ததால் நடை வேகத்திலேயே ஓட்டினார். கிணற்றடி போனது. குடத்தோடு நின்ற பெண்கள் பார்த்தார்கள். குடம் இருந்த இடத்திலேயே இருந்தது. கார் எழுப்பிய செந்தூசி எல்லார் படலையிலும் படிந்தது.

கடைச்சந்தியில் பெரியப்பாவும் நாலைந்து ஆம்பிளைகளும் ரோட்டுக்குக் குறுக்கே நின்றார்கள். கார் அவர்கள் முழங்காலுக்குக் கிட்டப் போய் நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

"திருப்பு வீரபாகு," என்றார் பெரியப்பா.

"இது கயர் கார் அண்ணை. ஏத்தின ஆளைச் சொன்ன இடத்திலதான் இறக்குவன்."

ஒருவரும் விலகவில்லை. எஞ்சின் ஒருதரம் விக்கியது. பத்மாசனி அம்மாவின் நெற்றியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அப்பா காலை மெல்ல அழுத்தினார். விக்கல் நின்று பழையபடி ஒரே சீராய் ஓடியது. சூட்டுக்கு நல்லெண்ணெய் வாசம் கிளம்பிச் சந்தி முழுக்க மணத்தது. ஒரு சவத்துக்காவது எண்ணெய் வைத்தவளுக்கு அந்த வாசம் தெரியாமல் போகாது. தன் வீட்டுப் படலையில் நின்ற பெரியம்மா ஞானேஸ்வரி மூக்கை உறிஞ்சிவிட்டுக் காருக்குள் பார்த்தாள்.

பத்மாசனி தலையை வெளியே நீட்டினாள்.

"மணக்குதோ பெரியம்மா? நீங்கள் வந்து அம்மாவுக்கு வைப்பியள் எண்டு அப்பா வாங்கின எண்ணெய். நீங்கள் வரேல்ல. காருக்கு விட்டிட்டன்."

பெரியம்மாவின் முகம் கறுத்தது. ரோட்டைக் கடந்து வந்தாள். காருக்குக் கிட்ட வரவில்லை, புருஷனின் முழங்கையைப் பிடித்தாள்.

"இஞ்சால வாங்கோ. சா போற வழியில நிக்காதேங்கோ."

பெரியப்பா அசையாமல் நின்றார். அவள் இன்னொருதரம் இழுத்தாள். அவர் வந்தார். மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கரைக்கு ஒதுங்கினார்கள். வீரபாகு யாரையும் பார்க்காமல் கியரைப் போட்டார்.

கொலனிச் சுடலையில் பொழுதுபட எல்லாம் முடிந்து திரும்பி வந்தார்கள். முழுகிவிட்டு ஈரத்தலையோடு பத்மாசனி காரின் முன்மூடியைத் திறந்து வலையைக் கழற்றினாள். ஒரு மைல் ஓட்டத்துக்கு அவ்வளவு தூசி. கடைச்சந்தித் தூசி, கிணற்றடித் தூசி, பெரியம்மா வீட்டுப் படலைத் தூசி எல்லாம் எண்ணெயில் வந்து அப்பியிருந்தது.

"கழுவிப்போடு பிள்ளை," என்றார் அப்பா விறாந்தையில் இருந்தபடி. "நல்லெண்ணெய் இருந்தால் பிசினாப் போகும்."

"நாளைக்குக் கழுவுறன் அப்பா."

வலையை அம்மாவின் ஆணியில் கொழுவினாள். அடியில் எண்ணெய் சேர்ந்து, ஒரு சொட்டு சிவப்பாய் முற்றத்தில் விழுந்தது.