டிக்கியில் இருந்த மூன்று கேன்கள்

சிக்னலில் வண்டி மூன்றாவது முறையாக நின்றபோது அவளுக்குக் கோபம் மூக்குக்கு மேல் ஏறியது. பின்னால் ஒருத்தன் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை. இந்த வண்டியில் ஆர்பிஎம் முள் ஏறும், இறங்கும், மறுபடி ஏறும், அப்புறம் பொத்தென்று விழும், இன்ஜின் நின்றுபோகும். ஹீட்டரைக் கேட்கவே வேண்டாம். முழுசாகத் திருகி வைத்தாலும் ஃப்ரிட்ஜைத் திறந்த மாதிரிதான் காற்று வரும்.

அவளுக்கு மட்டும் என்றால் இரண்டு ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு போய்விடுவாள். அம்மாவுக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். நாலு மணி நேரம் ரத்தம் வெளியே போய்த் திரும்பி வருவதற்குள் அம்மாவின் உடம்பு ஜில்லிட்டுப் போகும். அதன்பின் வீட்டுக்கு முக்கால் மணி நேரப் பயணம். போன தடவை பாதி வழியிலேயே பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது. "இனிமே நான் வரலடி. இப்படி நடுங்கிச் சாகறதுக்கு வீட்டுலயே கெடக்கறேன்" என்றாள் அம்மா. டயாலிசிஸை விட்டால் என்ன ஆகும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். இன்று காலை கெஞ்சிக் கூத்தாடிக் கூட்டிக்கொண்டு போய்ப் படுக்க வைத்திருந்தாள். திரும்பும்போது வண்டி சூடாக இருக்கும் என்று சத்தியம் செய்து கொடுத்திருந்தாள்.

வண்டி அண்ணனுடையது. புதுசு வாங்கியதும் பழையதை இவள் தலையில் கட்டிவிட்டான். "தங்கச்சிங்கறதால குடுக்கறேன். வெளி ஆளுக்குக் குடுப்பேனா?" என்று வாய் கூசாமல் சொன்னான். குறை சொன்னால் ஒரே பதில்தான் வரும்: "நீ ஓட்டற விதம் சரியில்ல." அதைக் கேட்கும்போதெல்லாம் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். அம்மாவோ எப்போதும் அவன் கட்சி. "அவனத் திட்டாதடி, அவனுக்கு ஆயிரம் வேல" என்பாள்.

வண்டியை நேரே மெக்கானிக் கடைக்கு விட்டாள். அங்கே மெக்கானிக்குக்கு எல்லோரும் வைத்திருந்த பெயர் 'அவசரம்'. அவர் ஒரு நட்டைக் கழற்றி முடிப்பதற்குள் நாம் ஒரு தூக்கம் போட்டு எழுந்துவிடலாம், அதனால் அந்தப் பெயர். ஆனால் கையை வைத்தால் கோளாறு தப்பாது. இன்ஜினை ஓடவிட்டு, ஹீட்டருக்குப் போகும் இரண்டு ரப்பர் குழாயையும் தொட்டுப் பார்த்தார்.

"ஒண்ணு கொதிக்குது, ஒண்ணு சில்லுனு இருக்கு. உள்ள அடைச்சிருக்கும்மா."

"அப்ப வண்டி நின்னு நின்னு போறது?"

"அதுவும் இதேதான். வண்டி நிக்கும்போது இன்ஜின் அணையாம ஐடிலிங்கப் பாத்துக்கற வால்வுக்கும் இந்தச் சூட்டுத் தண்ணிதான் போகணும். தண்ணி வரலன்னா இன்ஜின் இன்னும் சூடாகலன்னு அது நெனச்சுக்கும். ரெண்டுக்கும் ஒரே வியாதி."

ஆற வைத்துக் குழாயைப் பிடுங்கினார். தண்ணீர் வரவில்லை. பழுப்பு நிறத்தில் கூழ் மாதிரி ஒன்று வழிந்து அவர் விரலில் ஒட்டிக்கொண்டது.

"இதுல என்னம்மா ஊத்துனீங்க?"

"கூலண்ட் மட்டும்தான். டிக்கில அண்ணன் மூணு கேன் வச்சிருந்தான். வாராவாரம் கொஞ்சம் ஊத்தச் சொன்னான், ஊத்தறேன்."

கடைசிக் கேனில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அவசரம் அதைக் குலுக்கி உள்ளங்கையில் ஊற்றித் தேய்த்தார். மணல் மாதிரி நெறநெறவென்றது.

"கேன் கூலண்ட் கேன்தான். உள்ள இருக்கறது ரேடியேட்டர் ஓட்டைய அடைக்கற மருந்து. ஒரு தடவ, அதுவும் கொஞ்சூண்டு ஊத்தணும். வாராவாரம் ஊத்தினா ஓட்டையோட எல்லாத்தையும் அடைச்சிடும்."

அவள் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல், ஒரு சொட்டுச் சிந்தாமல், புனல் வைத்து ஊற்றிய கை அவளுடையதுதான். உடனே போனை எடுத்தாள். "பத்து நிமிஷத்துல கடைக்கு வர்றே. இல்ல, நான் உன் ஆபீசுக்கு வந்து எல்லார் முன்னாடியும் கேப்பேன்."

ஒன்பதாவது நிமிஷம் புது வண்டி வாசலில் வந்து நின்றது. அண்ணன் இறங்கும்போதே ஆரம்பித்துவிட்டான்: "நீ ஓட்டற விதம்..."

"வாய மூடு. இது என்ன?"

கேனைப் பார்த்ததும் அவன் முகம் செத்துப்போனது.

"இல்லம்மா... ரேடியேட்டர் லேசா ஒழுகிச்சு. மாத்தறதுன்னா பெரிய வேல. கொஞ்ச நாளைக்கு ஓடட்டுமேன்னு..."

"ஒழுகுதுன்னு சொல்லியிருந்தா நான் வாங்கியிருக்கவே மாட்டேன். அதானே? நீ ஏமாத்தினது கூடப் போகட்டும்டா. பழைய கேன்ல ரொப்பி வச்சு, என் கையாலயே ஊத்த வச்சியே! அம்மா பக்கத்துல உக்காந்து நடுங்கினாங்க. இனிமே ஆஸ்பத்திரிக்கே வரலன்னு சொன்னாங்க. உனக்குத் தெரியுமா?"

அவனுக்குத் தெரியாது. எங்கிருந்து தெரியும், வந்து பார்த்தால் அல்லவா?

"சாவியக் குடு."

"எந்தச் சாவி?"

"உன் வண்டிச் சாவி. ரெண்டு மணிக்கு அம்மாவ விடுவாங்க."

"புது வண்டிம்மா, கீறல் விழுந்துடும்..."

"விழுந்தா அதுலயும் ரெண்டு கேன் ஊத்து."

அவசரம் தன் வாழ்நாளிலேயே முதல் முறையாக வேகமாக ஒரு வேலை செய்தார். தண்ணீர்க் குழாயைக் கொண்டுவந்து அண்ணன் கையில் திணித்தார். "சார், நீங்க புடிங்க. பழுப்பு நின்னு தெளிவா வர்ற வரைக்கும் விடக்கூடாது. சாயங்காலம் ஆயிடும்."

இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் அம்மா சால்வையை இறுக்கிப் போர்த்திக்கொண்டு வண்டியில் ஏறினாள். இரண்டு சிக்னல் தாண்டியதும் சால்வை கழுத்திலிருந்து இறங்கியது. மூன்றாவதில் மடிக்கு வந்தது. வண்டி சத்தமே இல்லாமல் நின்றது, சத்தமே இல்லாமல் கிளம்பியது. அம்மா இரண்டு கையையும் காற்று வரும் இடத்தில் நீட்டிக்கொண்டாள்.

"பரவால்லடி, சொன்னபடி சரி பண்ணிட்டியே."

"இது அண்ணன் வண்டிம்மா."

அம்மா சீட்டைத் தடவிப் பார்த்தாள். "வாங்கி எத்தன மாசம் ஆச்சு?"

"எட்டு."

"இதுல இவ்வளவு சூடு வருமா?" என்றாள் அம்மா. "ஒரு நாள்கூட இதுல நான் ஏறினதில்ல."

அடுத்து வரும் வார்த்தை அவளுக்குத் தெரியும். அவனுக்கு ஆயிரம் வேல. பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். வரவில்லை. அதற்குள் போன் அடித்தது. திரையில் அண்ணன். அவள் எடுக்கக் கையை நீட்டினாள்.

"அடிக்கட்டும்" என்றாள் அம்மா. "நீ ரோட்டப் பாத்து ஓட்டு."