இஞ்சிக் கோழி சூப்

கல்லாவுக்குப் பின்னால் ஹலால் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். அம்மா மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அதைக் கடைசி வரி வரை படித்தாள். எந்தத் தேதிவரை செல்லும் என்று பார்த்த பிறகுதான் மேசைக்கு வந்தாள்.

"என்னம்மா, பாஸா?" என்றாள் மகள்.

"பேப்பர் பாஸ். சாப்பாடு இன்னும் வரல இல்ல."

பல் மருத்துவமனையில் மகளுக்குப் பதவி உயர்வு வந்திருந்தது. அந்தச் சந்தோஷத்தில் அம்மாவையும் அண்ணனையும் மதியச் சாப்பாட்டுக்கு அழைத்து வந்திருந்தாள். சாதாரண இடமில்லை. கவிழ்த்த மூங்கில் கூடைகள் போல விளக்குகள், நடந்தால் சத்தம் கேட்காத தரை, நாற்காலியை இழுத்துவிட ஓர் ஆள். சீனா, ஜப்பான், கொரியா, தாய்லாந்து எல்லாம் ஒரே சாப்பாட்டு அட்டையில் இருந்தன. எல்லாமே ஹலால். இத்தனை வருடம் இந்த மாதிரி கடைகளை வாசலோடு பார்த்துவிட்டு நடையைக் கட்டிய அம்மா, இன்று உள்ளே உட்கார்ந்து சாப்பாட்டுக் குச்சிகளைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதை வெச்சு என்ன செய்யணும்? ஸ்வெட்டர் பின்னணுமா?"

"ஸ்பூன் கேக்கலாம்மா."

"கேளு. உங்க அண்ணனுக்கும் சேத்துக் கேளு. அவன் ஏன் ஊசி போடக் கூட்டிட்டு வந்த மாதிரி உக்காந்திருக்கான்?"

பெரியவன் தண்ணீரைக் குடித்தான். அவனுடைய பயம் சாப்பாட்டு அட்டையின் இரண்டாம் பக்கத்தில் இருந்தது. சூப் வகைகளில் மேலிருந்து மூன்றாவது. இஞ்சிக் கோழி சூப். அம்மாவின் விரல் அங்கேதான் போய் நிற்கும் என்று அவனுக்குத் தெரியும். நின்றது.

"இதேதான்," என்று பரிமாறும் பெண்ணிடம் சொன்னாள் அம்மா. "ஆறு வருஷம் முன்னாடி இவங்க அத்தா, என் வீட்டுக்காரர், படுத்த படுக்கையா கெடந்தப்ப கஞ்சி எறங்கல, பால் எறங்கல. இவன்தான் வேலை பாத்த ஓட்டல்லேர்ந்து தினம் ஃபிளாஸ்க்ல இந்த சூப்பைக் கொண்டாந்து ஊட்டுவான். மனுசனுக்கு ரெண்டு மாசம் அதுல ஓடுச்சு."

அந்தப் பெண் அவனை மரியாதையாகப் பார்த்தாள். அவன் மேசை விரிப்பைப் பார்த்தான்.

இதை அம்மா சொல்லாத ஆள் கிடையாது. சொந்தக்காரர்கள், பக்கத்து வீட்டார், மருந்துக்கடைக்காரர், பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்தவர். கல்லூரியை இரண்டாம் வருடத்தில் விட்டவன், எந்த வேலையிலும் நிலைக்காதவன், முப்பத்தாறு வயதில் ஒரு கிடங்கில் இரவுக் காவல் பார்ப்பவன். அப்படிப்பட்ட மகனைப் பற்றி நாலு பேரிடம் நிமிர்ந்து சொல்ல அம்மாவிடம் இருந்தது அந்த சூப் ஒன்றுதான். அதுவும் போனால் சொல்ல ஒன்றுமில்லை.

அப்போது அவன் ஒரு பெரிய ஓட்டலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தான். அத்தா கறி விஷயத்தில் கறார். தெரியாத கடைக் கறியைத் தொட மாட்டார். அதனால் பெரியவன் ஒரு வழி செய்தான். தங்கள் தெருக் கறிக்கடையில் கோழி வாங்கித் தனி டப்பாவில் கொண்டுபோவான். ஒரு வாணலியை மூன்று முறை தேய்த்துக் கழுவித் தானே அடுப்பில் ஏற்றுவான். பலகை தனி, கத்தி தனி. ஓட்டல் மாஸ்டர் முணுமுணுத்துக்கொண்டே இடைவேளையில் சமைத்துக் கொடுப்பார். கோழியின் மேல் அவ்வளவு கண்ணாக இருந்தவன், மாஸ்டர் கடைசியில் வாணலி ஓரமாக ஒரு கரண்டி ஊற்றியதைப் பற்றி யோசிக்கவே இல்லை. ஏதோ சாஸ் என்று நினைத்திருந்தான். மூன்றாவது வாரம் காலி பாட்டில் ஒன்று கழுவுகிற தொட்டிக்கு வந்தது. எடுத்து லேபிளைப் படித்தான். அரிசி ஒயின்.

"அது இல்லாம அந்த வாசனை எங்கேர்ந்து வரும்?" என்றார் மாஸ்டர். "ஒரு கரண்டிதானேய்யா. தீ பிடிச்சதும் ஆவியாப் போயிடும்."

மறுநாள் அது இல்லாமல் செய்யச் சொல்லிக் கொண்டுபோனான். அத்தா ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். "இது அது இல்லப்பா," என்றார். அன்று முழுக்க வேறெதுவும் உள்ளே இறங்கவில்லை. அடுத்த நாள் பெரியவன் மாஸ்டரிடம் போய், "பழையபடியே போட்டுடுங்க," என்றான்.

அத்தா தினமும் ஒரு கேள்வி கேட்பார். "ஹலால்தானேப்பா?" முதல் மூன்று வாரம் அவன் தயங்காமல் ஆமாம் என்றான். பிறகு ஆமாம் என்ற சொல் வாயில் வரவில்லை. கரண்டியை ஊதி ஆற்றிக்கொண்டே, "நம்ம தெருக் கோழிதான் அத்தா," என்று சொல்லப் பழகிக்கொண்டான்.

சூப் வந்தது. ஆளுக்கொரு கறுப்புக் கிண்ணம். அம்மா கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் குடித்தாள். இன்னொரு வாய்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா அது இல்ல."

"அதை நீ எப்பம்மா குடிச்ச?" என்றாள் மகள்.

"அவர் வெச்ச மிச்சத்தைக் கொட்டவா முடியும்? தினம் அடியில கொஞ்சம் இருக்கும். நான்தான் குடிப்பேன்."

இது பெரியவனுக்குத் தெரியாது. வாய்க்குக் கொண்டுபோன கரண்டியைத் திரும்பக் கிண்ணத்திலேயே வைத்தான்.

அந்த நேரம் பார்த்துத் தலைமைச் சமையல்காரர் மேசை மேசையாக விசாரித்துக்கொண்டு வந்தார். இந்த மாதிரி இடங்களில் அது ஒரு வழக்கம். அம்மா அவரை விடவில்லை.

"கோவிச்சுக்காதீங்க தம்பி. மத்த ஓட்டல் சூப்ல ஒரு வாசனை வருமே. உங்களதுல அது மட்டும் காணோம்."

அவர் சிரித்தார். "மொத தடவை வர்றவங்க பாதிப் பேர் இதத்தான் கேப்பாங்கம்மா. மத்த எடத்துல கடைசியா அரிசி ஒயின் ஊத்துவாங்க. அந்த வாசனை அதோடது. நாங்க அதைத் தொடறதில்ல. வறுத்த அரிசியைக் கொதிக்க வெச்ச தண்ணியும் பேரீச்சம்பழச் சாறும் விடறோம். ரெண்டு மூணு தடவை குடிங்க, நாக்கு பழகிடும். அப்புறம் யாரும் கேக்கறதில்ல."

அவர் அடுத்த மேசைக்குப் போனார். அம்மா கரண்டியைத் துணியில் துடைத்துக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"உங்க மாஸ்டர் ஊத்துவாரா?"

இல்லை என்று சொல்லிவிடலாம். தங்கையின் கண்கள் அதைத்தான் கெஞ்சின. அவன் வாயைத் திறந்தான். பழகிய வாக்கியம் தானாக வந்தது. "அது நம்ம தெருக் கோழிம்மா..."

"நான் கோழியைக் கேக்கல."

"ஊத்துவார்."

"உனக்குத் தெரியுமா?"

"மூணாவது வாரம் தெரிஞ்சுது."

"அதுக்கப்புறம் எத்தனை நாள்?"

"நாப்பது நாள் இருக்கும்."

தங்கை குறுக்கே வந்தாள். "அம்மா, அத்தா அதுலதானே உயிரோட இருந்தாரு. அண்ணன் வேற என்னதான் செய்வான்?"

"அவர்கிட்ட சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா குடிச்சிருக்க மாட்டார்மா," என்றான் பெரியவன்.

"மாட்டார்னு நீ எப்படிடா முடிவு பண்ணுவ? உசுருக்கு ஆபத்துன்னா வேற விதின்னு அவருக்கும் தெரியும். விவரம் தெரிஞ்சவங்ககிட்ட கேட்டுட்டுக் குடிச்சிருப்பாரு. இல்ல, வேணாம்னு படுத்திருப்பாரு. எதுவா இருந்தாலும் அது அவரோடது. நீ எடுத்துக்கிட்ட."

அம்மா குரலை உயர்த்தவில்லை. மருந்துக்கடையில் மாத்திரையின் பெயரைச் சொல்வது போலச் சொன்னாள். அவன் ஏதோ சொல்ல வந்தான். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"தெரியாம குடிச்சவங்க மேல குத்தம் இல்ல. அவருக்கும் இல்ல, எனக்கும் இல்ல. உனக்கு மட்டுந்தான் இருக்கு. அதை நீயே பாத்துக்க."

அதற்குப் பிறகு அம்மா அதைப் பேசவில்லை. ஆவி பறக்கும் கூடையில் கொழுக்கட்டை மாதிரி ஒன்று வந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று பரிமாறும் பெண்ணிடம் கேட்டுச் சாப்பிட்டாள். புது வேலையில் எத்தனை பேர் உனக்குக் கீழே என்று மகளிடம் விசாரித்தாள். "அத்தனை பேருமா? வீட்ல ஒரு பூனைகூட உன் பேச்சைக் கேட்டதில்லையே," என்றாள். மகள் சிரிக்க முயன்றாள். யாராவது அழுதிருந்தால் பெரியவனுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். யாரும் அழவில்லை.

பரிமாறும் பெண் அவன் கிண்ணத்தை எடுக்க வந்தாள். "சாருக்குப் பிடிக்கலையா?"

"எடுக்காதம்மா," என்றாள் அம்மா. "குடிப்பான்."

குடித்தான். முதல் வாயில், அந்த வாசனை இல்லாதது நன்றாகத் தெரிந்தது. இரண்டாவதில் இஞ்சி தெரிந்தது. நாலாவது ஐந்தாவது வாய்க்கு, எதைத் தேடினோம் என்பதே மங்கிவிட்டது. பாதிக் கிண்ணம் காலியானபோது அது வெறும் சூப்பாக இருந்தது. சூடு குறைந்த, நல்ல சூப்.

அன்று அத்தா முகத்தைத் திருப்பிக்கொண்டதும் அவன் பயந்துபோய் விடிந்ததும் மாஸ்டரிடம் ஓடினான். அடுத்த நாளும் ஒயின் இல்லாததையே கொண்டுபோயிருக்கலாம். அதற்கடுத்த நாளும். அரை கரண்டி, ஒரு கரண்டி என்று பொறுமையாக ஊட்டியிருக்கலாம். மாஸ்டர் மாறிவிட்டார் என்று ஒரு சின்னப் பொய்கூடப் போதும். பழகியிருப்பாரோ, பழகாமலே போயிருப்பாரோ, இனி யாராலும் சொல்ல முடியாது. அத்தாவுக்கு அப்போது நாற்பது நாள் மிச்சமிருந்தது. அவன் கொடுத்துப் பார்த்தது ஒரு நாள்.

"எப்படி இருக்கு?" என்று அம்மா கேட்டாள், அவனைப் பார்க்காமல்.

"நல்லாருக்கும்மா."

"ம்," என்றாள் அம்மா.