கை காட்டினால் நிற்கும்

1

“கம்பளியைக் கழட்டச் சொல்லாதீங்க முதலாளி. கழட்டச் சொன்னா ஏற மாட்டாங்க.”

“ஏறாட்டிப் போகட்டும். மெத்தை நனைஞ்சா நீயா காயவைப்ப? ஹட்டன்ல வெயில எங்க போய்த் தேடுவ?”

“அப்ப மெத்தை வேணாம்.”

“என்ன சொல்ற?”

“மெத்தைய எடுத்துடுவோம்னு சொல்றேன்.”

(இங்கே கொஞ்சம் நிறுத்துகிறேன். பேசுகிறவர்களுக்குப் பெயர்கூடச் சொல்லாமல் உங்களை இந்தப் பேச்சுக்குள் இழுத்து வந்துவிட்டேன். கதை நடுவில் தொடங்க வேண்டும் என்று எங்கோ படித்ததன் விளைவு. இனி ஒழுங்காகச் சொல்கிறேன்.)

இந்தக் கதை எனக்கு ஒரு பெஞ்சிலிருந்து கிடைத்தது. இலங்கை மலையகத்தில், நோர்வூட்டில் இராமையா நடத்தும் சலூனில், காத்திருப்பவர்கள் உட்காருகிற பெஞ்சு. அன்று நல்ல மழை. குடையை மடித்துப் பக்கத்தில் வைத்துவிட்டு ஒரு மொழிபெயர்ப்பு நாவலைத் திறந்தேன். நான்கு பக்கம் போன பிறகுதான் கவனித்தேன்: குடையிலிருந்து வழிந்த தண்ணீர் பெஞ்சில் தேங்கவே இல்லை. பலகைகளுக்கு நடுவே இரண்டு விரல் அளவுக்கு இடைவெளி இருந்தது. தண்ணீர் அது வழியாகச் சொட்டித் தரைக்குப் போய்க்கொண்டிருந்தது.

யாரோ தச்சர் பலகை போதாமல் செய்தது என்று நினைத்தேன். இராமையா கத்தரிக்கோலை நிறுத்தாமலே சொன்னார்: “அது பஸ் சீட்டு தம்பி.”

அவருடைய மாமனாருக்குப் பழைய மஸ்கெலியாவில் கடை இருந்ததாம். ஊர் இடம்பெயர்ந்தபோது அவர் அங்கிருந்து கொண்டுவந்ததாம். பெஞ்சைப் பற்றி இராமையாவுக்குத் தெரிந்தது மூன்றே விஷயம். பஸ்ஸை ஓட்டியவர் பெயர் செல்லசாமி. பஸ்ஸின் நெற்றியில் ‘கை காட்டினால் நிற்கும்’ என்று எழுதியிருந்தது. மழைக்குத் தலையோடு போர்த்திய கம்பளி நனைய ஏறுகிற தேயிலைத் தோட்டத்துச் சனங்களுக்காக அந்த இருக்கையைச் செய்தார்கள். மற்றதெல்லாம் நான் சேர்த்தது. சேர்க்கும்போதெல்லாம் சொல்லிவிடுவேன்.

2

முதல் வரைவு இப்படித் தொடங்கியது:

‘அந்தக் குளிர்காலம் முழுவதும் ஹட்டன் ரயில் நிலையத்தின் கூரைமீது வெண்பனி பொழிந்தவண்ணம் இருந்தது. நீண்ட மேலங்கி அணிந்த மனிதன் ஒருவன்’

ஹட்டனில் வெண்பனி பொழியாது. மூட்டம் வரும், மழை வரும், அப்புறம் இன்னொரு மழை வரும். நான் படிக்கிற நாவல்களிலிருந்து அந்தப் பனி என் தாளில் விழுந்துவிட்டது. மேலங்கிக்காரனை அடுத்த ரயிலில் ஏற்றி அனுப்பிவிட்டேன்.

இரண்டாம் வரைவு: ‘1936ஆம் ஆண்டு ஜூலை மாதம், ஹட்டனிலிருந்து மஸ்கெலியா செல்லும் பாதையில்’. அதோடு நின்றுவிட்டது. பாதையை நேரில் பார்த்து எழுதலாம் என்றால், அதன் கடைசிப் பகுதியும் பழைய மஸ்கெலியாவும் மவுசாக்கலை நீர்த்தேக்கத்துக்கு அடியில் இருக்கின்றன. என் கதையின் முக்கியமான வளைவு எங்கே இருந்தது என்று மீன்களிடம்தான் விசாரிக்க வேண்டும். (ஆண்டும் நான் போட்டதுதான். இராமையா “ரெண்டாம் யுத்தத்துக்கு முந்தி” என்று மட்டுமே சொன்னார்.)

ஆகவே நேராகவே சொல்கிறேன். செல்லசாமிக்கு முப்பத்துநான்கு வயது. பஸ் ஓட்டத் தெரியும். லெட்சுமணன் ஹட்டன் கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருந்தவர். பஸ்ஸை வாங்கியவர் லெட்சுமணன், ஓட்டுகிறவன் செல்லசாமி, தொழில் இரண்டு பேருக்கும் பொது. முதலாளி கையை எடுத்துக்கொண்டால் பஸ் இல்லை. செல்லசாமிக்கு இது நன்றாகத் தெரியும். நீங்களும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கதையில் ஆபத்து என்று இருப்பது இது ஒன்றுதான்.

3

நனைந்தவர்களை ஏற்ற வேண்டும் என்று ஒரு மனிதன் ஏன் இப்படிப் பிடிவாதமாக நிற்க வேண்டும்?

மூன்றாம் வரைவில் அதற்கு ஒரு காரணம் வைத்திருந்தேன். செல்லசாமியின் மனைவி நிறைமாதக் கர்ப்பிணி. மழையில் சாலையோரம் நிற்கிறாள். மூன்று பஸ்கள் நிற்காமல் போகின்றன. நான்காவது பஸ் வரும்போது

இல்லை. அவளைச் சாகடிக்க எனக்கு உரிமை கிடையாது. ஒரு நல்ல காரியத்துக்குப் பின்னால் பிணம் ஒன்று இருந்தே ஆக வேண்டும் என்று நம்பும் அளவுக்கு நான் நாவல் படித்திருக்கிறேன். அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டதும் செல்லசாமிக்குக் காரணமே இல்லாமல் போயிற்று. இரண்டு வாரம் அவன் ஓட்டுநர் இருக்கையில் சும்மா உட்கார்ந்திருந்தான். எனக்கே அவன்மேல் சந்தேகம் வந்தது.

பிறகு ஒன்று புரிந்தது. தனக்கென்று ஒரு பஸ் வருவதற்கு முன்னால் அவன் என்ன செய்துகொண்டிருந்தான்? வேறொருவருடைய பஸ்ஸை, இதே பாதையில், ஆறு வருடம் ஓட்டினான். அந்த முதலாளியின் உத்தரவு: கம்பளியோடு நிற்பவர்களை ஏற்றாதே. ஈரம் மெத்தையைக் கெடுக்கும். கம்பளியில் அட்டைப்பூச்சி இருக்கும். பக்கத்தில் உட்காருகிற கடைக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். நிற்காமல் போன அந்தப் பஸ்களை ஓட்டியவன் செல்லசாமிதான்.

பக்கத்துக் கண்ணாடியில் அவனுக்கு அவர்கள் தெரிவார்கள். பஸ் கடந்து போன பிறகும் நீட்டிய கையை உடனே இறக்க மாட்டார்கள். வளைவில் மறைகிற வரைக்கும் அந்தக் கை அப்படியே இருக்கும்.

செத்துப்போனவள் எவளும் இல்லை. ஒரு கை மட்டும்தான். எனக்கு இது போதும். உங்களுக்குப் போதாது என்றால் கிழித்த பக்கத்தை எடுத்து ஒட்டிக்கொள்ளுங்கள்.

4

பஸ் வந்த முதல் வாரம் இருவருக்கும் தகராறு. நெற்றியில் முருகன் பெயரை எழுத வேண்டும் என்றார் லெட்சுமணன். ‘கை காட்டினால் நிற்கும்’ என்று எழுத வேண்டும் என்றான் செல்லசாமி. கடைசியில் மேலே முருகன், கீழே கை. முதல் நாள் சாலையோரத்தில் இதை ஒருத்திக்குப் பெருமையாக வாசித்துக் காட்டினான். அவள் பெயர் அம்மாக்கண்ணு. தோட்டத்து வரிசை வீடுகளில் மேட்டு லயத்துக்காரி. கொழுந்து பறிக்கிறவள். பயப்படாமல் பேசுகிறவள்.

“எழுதி வச்சு என்னாண்ணே, நாங்க படிச்சவங்களா? நின்னு காட்டுங்க.”

அன்றிலிருந்து நின்று காட்டினான்.

ஆனால் பஸ் வரும்போதே தோல் மெத்தையோடுதான் வந்தது. நகரத்து ஆட்களும் ஏற வேண்டும் என்பது லெட்சுமணனின் கணிப்பு. அவரையும் சமாதானப்படுத்த வேண்டும், நனைந்தவர்களையும் ஏற்ற வேண்டும். செல்லசாமி ஒரு வழி கண்டுபிடித்தான். பஸ்ஸின் பின்புறம் வெளியே வரிசையாகப் பதினாறு கொக்கிகள். ஏறுகிறவர்கள் கம்பளியை அதில் மாட்டிவிட்டு உள்ளே வந்து உட்கார வேண்டியது. இறங்கும்போது எடுத்துக்கொள்ள வேண்டியது. லெட்சுமணன் அவன் முதுகில் தட்டிக் கொடுத்தார்.

முதல் ஞாயிற்றுக்கிழமை பதினாறு கொக்கியிலும் பதினாறு கம்பளி தொங்கியது. பதினாறும் கறுப்பு. பதினாறிலும் ஓரத்தில் சிவப்புக் கோடு. தோட்டத்து ஸ்டோரில் எல்லோருக்கும் ஒரே கம்பளிதான் கொடுப்பார்கள்.

மழையில், அவசரத்தில், வளைவுக்கு வளைவு இறங்கியவர்கள் கைக்கு வந்ததை எடுத்துப் போர்த்திக்கொண்டு போனார்கள். மறுநாள் காலை, வேலைக்கு ஆள் கூடுகிற பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிடுவதற்கு முன்பே சண்டை தொடங்கிவிட்டது. ஒருத்தியின் கம்பளி மடிப்பில் வேறொருவனுடைய புகையிலைச் சுருள் இருந்தது. அவள் புருஷன் அதைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று லயம் சுற்றி விசாரித்தான். புகையிலையின் சொந்தக்காரனுடைய மனைவி தன் பங்குக்கு விசாரித்தாள். கங்காணி தன்னுடைய கம்பளியைத் தேடி நல்லதண்ணி ஊர் வரைக்கும் போனார். அது அங்கே ஒரு கடலைக் கடைக்காரர் தலையில் இருந்தது.

(இது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. இன்னும் இரண்டு பக்கம் நீட்டியிருந்தேன். கடலைக்காரரின் வாழ்க்கை வரலாறுகூட இருந்தது. எடுத்துவிட்டேன்.)

அடுத்த ஞாயிறு ஒரு கையும் நீளவில்லை. பஸ்ஸைக் கண்டதும் சாலையோரத்தில் நின்றவர்கள் முகத்தைத் தேயிலைப் பக்கம் திருப்பிக்கொண்டார்கள். செல்லசாமி வண்டியை நிறுத்தி அம்மாக்கண்ணுவிடம் கேட்டான். அவள் கம்பளியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவர்கள் உடம்புச் சூடு அதில்தான் இருக்கிறதாம். வெற்றிலை, பாக்கு, பிள்ளைக்கு வாங்கிய மிட்டாய் எல்லாம் அதன் மடிப்பில்தானாம். அதைக் கழற்றி வெளியே தொங்கவிட்டுத்தான் உட்கார வேண்டுமென்றால் நடந்தே போய்விடலாமாம். பேச்சைக் கடைசியாக இப்படி முடித்தாள்:

“எங்கள மட்டும் ஏத்தி எங்க கம்பளிய வெளிய நிறுத்துறீங்களே, அது என்ன ஞாயம்ணே?”

5

இப்போது நீங்கள் முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போகலாம். கம்பளியைக் கழட்டச் சொல்லாதீங்க முதலாளி என்று சொன்னது செல்லசாமி. வெயிலை எங்கே போய்த் தேடுவ என்றது லெட்சுமணன். துணிக்கடையில், சாயங்காலம், வாடிக்கைக்காரர்கள் போன பிறகு நடந்த பேச்சு. விட்ட இடத்திலிருந்து:

“மெத்தைய எடுத்துட்டு எதுல உக்கார வைப்ப?”

“பலகைல. ரெண்டு பலகைக்கு நடுவுல ரெண்டு வெரல் சந்து விட்டா தண்ணி கீழ போயிரும். கீழ தரையிலயும் சந்து.”

“கடைத்தெரு ஆளுங்க கட்டையில உக்காருவாங்களா?”

“மாட்டாங்க.”

“தெரிஞ்சே சொல்றியா?”

“ஹட்டனுக்குப் போக ஏழு பஸ் இருக்கு முதலாளி. அவங்க அதுல போகட்டும். நனைஞ்சவங்களுக்குன்னு ஒண்ணும் இல்ல. எட்டாவதா ஒண்ண ஓட்டுறதுக்கு நான் எதுக்கு? பழைய முதலாளிகிட்டயே இருந்திருப்பேனே.”

லெட்சுமணன் அளவுகோலை எடுத்து மேசைமேல் நேராக வைத்தார். பிறகு குறுக்காக வைத்தார். அவரைக் கெட்டவராக எழுத ஆரம்பத்தில் எனக்கு ஆசை இருந்தது. முடியவில்லை. அவர் யாரையும் திட்டவில்லை. தன் கடைக்குள் மட்டும் அவரும் ஒரு கொள்கைக்காரர்தான்: கிழிசல் துணியை நல்ல துணிக்கு நடுவில் மடித்து வைத்து விற்கமாட்டார். ஆனால் நனைந்த கம்பளிக்குப் பக்கத்தில் அவர் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. அதனால் அவருக்கு இது விளங்கவில்லை.

கடைசியில் சொன்னார்: “செஞ்சு பாரு. ஒரு ஞாயித்துக்கெழம நானே வந்து உக்காந்து பாக்குறேன். எறங்கும்போது சொல்றேன், வச்சுக்கிறதா விக்கிறதான்னு.”

செல்லசாமி அன்றே மெத்தைகளைக் கழற்றினான். கொக்கிகளையும். தச்சர் பலகைகளை நெருக்கிப் போடப் பார்த்தபோது தன் இரண்டு விரலை நடுவில் வைத்துக்கொண்டு எடுக்க மறுத்துவிட்டானாம். (‘ஆம்’ போட்டிருக்கிறேன், ஆனாலும் இது நான் சேர்த்ததுதான்.)

6

முடிவுகள்.

அ) லெட்சுமணன் மனம் மாறுகிறார், கண்ணீர் மல்குகிறார், இரண்டாவது பஸ் வாங்குகிறார். இதை எழுதிவிட்டு எனக்கே வெட்கமாக இருந்தது.

ஆ) பஸ் விற்கப்படுகிறது. செல்லசாமி மழையில் நடந்து போகிறான். தூரத்தில் ஒரு மணி ஒலிக்கிறது. இது அழகாக வந்தது. ஆனால் அந்த மணி எங்கே இருந்து ஒலிக்கிறது? நான் படித்த ஏதோ ஒரு நாவலின் தேவாலயத்திலிருந்து. அந்த முடிவில் செல்லசாமி என் சொல் கேட்கவும் இல்லை. நடந்து போ என்று எழுதினால் அவன் போய் அடுத்த பஸ்ஸுக்கு ஆள் தேடுகிறான்.

இ) பெஞ்சைப் பார்த்துத் தீர்மானிப்பது. பாதிப் பலகை மட்டும் அதிகமாகத் தேய்ந்திருந்தால் முதலாளிக்குப் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை என்று சொல்லலாம். போய்ப் பார்த்தேன். இரண்டு பக்கமும் ஒரே மாதிரித் தேய்ந்திருந்தது. ஐம்பது வருடமாக முடிவெட்ட வந்தவர்கள் தேய்த்தது அது. சாட்சி சொல்லாது.

ஆகவே என்னிடம் இருப்பது அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும். அதையும் முழுதாகத் தரமுடியாது.

7

மஸ்கெலியாவிலிருந்து காலை ஏழரைக்குப் பஸ் புறப்பட்டது. லெட்சுமணன் வெள்ளை வேட்டி, கறுப்புக் கோட்டோடு முன் இருக்கையில் உட்கார்ந்தார். இரண்டு பேர் உட்காருகிற பலகையில் நடுவில் உட்கார்ந்தார். பக்கத்தில் குடை.

மழை விடவில்லை. முதல் வளைவில் நான்கு கை. செல்லசாமி நின்றான். கம்பளியோடு ஏறினார்கள். முதலாளியைப் பார்த்தார்கள், தலையைத் தாழ்த்திக்கொண்டு பின்னால் போனார்கள். அடுத்த வளைவில் ஆறு கை. நின்றான். அவர்களும் பின்னால் போனார்கள். யாரையும் அங்கே உட்காராதே என்று லெட்சுமணன் சொல்லவில்லை. சொல்லத் தேவையிருக்கவில்லை. பின்னால் இரண்டு பேர் இடத்தில் நான்கு பேர் நெருங்கி உட்கார்ந்தார்கள். கம்பளிகளிலிருந்து தண்ணீர் பலகைச் சந்துகளில் இறங்கி, தரைச் சந்துகளில் இறங்கி, சாலைக்குப் போனது. அந்தச் சத்தம் கேட்டு லெட்சுமணன் திரும்பிப் பார்த்தார். இரண்டு தடவை பார்த்தார்.

அந்தப் பஸ்ஸில் நிற்க அனுமதி இல்லை. வளைவுகள் அப்படி. எல்லோரும் உட்கார்ந்த பிறகுதான் செல்லசாமி வண்டியை எடுப்பான்.

மேட்டு லயத்து வளைவில் ஒரு கை நீண்டது. கொக்கி போட்ட பிறகு முதல் தடவையாக அந்தக் கை. செல்லசாமி நின்றான். அம்மாக்கண்ணு ஏறினாள். கம்பளி தலையிலிருந்து முழங்கால் வரை சொட்டிக்கொண்டிருந்தது. பின்னால் பார்த்தாள். ஒரு விரல் வைக்கவும் இடமில்லை. முன்னால் பார்த்தாள். கண்ணாடியில் செல்லசாமியைப் பார்த்தாள். அவன் வண்டியை எடுக்கவில்லை. பிரேக்கிலிருந்து காலையும் எடுக்கவில்லை. அவன் சொல்ல வேண்டியதைப் பலகையில் செய்து வைத்திருந்தான்.

நான் இனி எழுதப் போவதில்லை. இந்த இடத்தை எத்தனை தடவை எழுதினாலும் நான் லெட்சுமணனின் இருக்கையில் போய் உட்கார்ந்துவிடுகிறேன், வேட்டி நனையுமே என்று யோசிக்கிறேன். ஒருவேளை நீங்கள் நன்றாகச் செய்வீர்கள். குடை உங்கள் பக்கத்தில் இருக்கிறது. பஸ் நிற்கிறது. அம்மாக்கண்ணு குனிந்து, மரியாதையாகத்தான், கேட்கிறாள்:

“முதலாளி, கொஞ்சம் தள்ளி உக்காருங்க.”