நல்ல நேரத்தில் போட்ட படம்

கல்வராயன் மலையில் எங்கள் ஊர்ப்பக்கம் சிக்னல் கிடையாது. அதனால் என் வீட்டுக்காரர் தனசேகரன் கள்ளக்குறிச்சிக்குப் போய், ஒரு படத்தை வாடகைக்கு எடுத்து செல்போனில் டவுன்லோட் செய்துகொண்டு வந்தார். வடக்கனந்தலிலிருந்து என் அண்ணன் குடும்பம் ஞாயிற்றுக்கிழமை வந்ததும் எல்லோரும் பார்ப்பதாகப் பேச்சு. என் வீட்டு மகாராஜன் சும்மா இருந்தாரா? வியாழக்கிழமையே நல்ல நேரம் பார்த்து, செல்போனுக்குக் கற்பூரம் காட்டி, படத்தை ஒரு நிமிடம் ஓடவிட்டு நிறுத்தினார்.

ஞாயிற்றுக்கிழமை படம் ஓடவில்லை. ஒருமுறை ஓடவிட்டால் இரண்டு நாள்தான் வாடகையாம், கெடு முடிந்துவிட்டதாம்.

“இன்னா அநியாயம் இது! நல்ல நேரத்துல ஆரம்பிச்சி வெச்சா, அப்புறம் எப்ப வேணா முடிக்கலாமில்ல?” என்று கத்தினார்.

“ஆமாங்க,” என்றேன். “நம்ம புது வூட்டுக்கும் நல்ல நேரத்துலதான் வாசக்கால் நட்டீங்க. ஆறு வருசமா வாசக்கால் மட்டுந்தான் நிக்குது.”