அவள் வைத்த அளவு

வில்லியனூர் கடைத்தெருவில் மணிமாறனின் பேனர் கடையில் அன்று இருந்தவர்கள்: நான், என் மனைவி ஜோதிலட்சுமி, மகன் ராஜேஷ், என் தம்பி சம்மந்தம், கணினி முன்னால் மணிமாறன். வேறு யாரும் இல்லை.

என் மகள் செல்வகுமாரி காய்ச்சலில் இறந்துபோனாள். அரியூரில் கரும்பு நிலம் வைத்திருக்கும் குடும்பம் எங்களுடையது. எங்கள் வீட்டில் யார் இறந்தாலும் காரியத்துக்கு முன் தெருமுனையில் ஆளுயரப் படத்தோடு கண்ணீர் அஞ்சலி பேனர் நிற்கும். அவளுக்கும் நிற்க வேண்டும்.

படம்தான் இல்லை.

கணவனை விட்டுத் திரும்பிய பிறகு அவள் செக்கு எண்ணெய் விற்றாள். விளம்பரப் படங்களைத் தானே செய்து வாட்ஸ்அப்பில் அனுப்புவாள். வாங்குகிறவர்கள் காட்டேரிக்குப்பம் பக்கத்துப் பெண்கள். மலிவான போன், மெதுவான நெட். படம் பெரிதாக இருந்தால் திறக்காமல் தள்ளிவிடுவார்கள் என்று ஒவ்வொன்றையும் சின்ன ஜேபிஜியாகச் சுருக்குவாள். போன் நிறைந்துவிடும் என்று பெரிய படத்தை அழித்தும் விடுவாள். அது சரியாகத்தான் இருந்தது, எண்ணெய் விற்றது. அவள் முகத்தோடு எஞ்சியது ஒரே ஒரு விளம்பரம்: நடுவில் பாட்டில், மூலையில் ஒரு வட்டத்துக்குள் அவள் சிரிப்பு.

மணிமாறன் அந்த வட்டத்தை இழுத்துப் பெரிதாக்கினான். முகம் கட்டம் கட்டமாக உடைந்தது.

“பெரிய ஃபைல் இல்லியா ஐயா?”

“பிஎன்ஜியா மாத்திப் பாருடா,” என்றான் அவனோடு படித்த ராஜேஷ்.

“சட்டைய மாத்தினா ஆளு வளந்துடுவானா? குட்டி ஃபைலு குட்டிதான்டா.”

“கல்யாண ஆல்பம் இருக்குதே,” என்றான் சம்மந்தம். “பளிச்சுனு இருக்கும். ஆளுயரம் இன்னா, மாடி உயரமே போடலாம்.”

“அந்த ஆளு கை அவ தோள்மேல இருக்குது, கொழுந்தனாரே,” என்றாள் ஜோதிலட்சுமி. “வேணும்னா ஒங்க வூட்டு வாசல்ல வெச்சிக்குங்க.”

“கைய வெட்டிடலாம் அண்ணி.”

“தாலி? அவளே கழட்டி வெச்சது அது.”



மணிமாறன் படத்தை ஏதோ ஏஐ செயலியில் போட்டான். திரை நிறைய ஒரு முகம் வந்தது. தோல் பளபளத்தது, பற்கள் வரிசையாக இருந்தன. ஜோதிலட்சுமி எழுந்துபோய் அந்த உதட்டின் மேல் விரலை வைத்தாள்.

“மேல்பல்லு ஒண்ணு ஏறி இருக்குமே. இது யாரு வூட்டுப் பொண்ணு தம்பி?”

மணிமாறன் அதை மூடிவிட்டுச் சொன்னான்: “உள்ளங்கை அளவுல போட்டா ஒடையாது ஐயா. பேனரையும் சின்னதா அடிச்சிடலாமா?”

“பேனர் எங்க வழக்கப்படி முழு அளவு. முகம் மட்டும் அந்த அளவே இருக்கட்டும்,” என்றேன் நான்.

“இவ்ளோ வெள்ளையில அம்மாந்துண்டு முகமா? ஊரு சிரிக்கும்ணே,” என்றான் சம்மந்தம்.

“சிரிக்கட்டும். நீ அடிப்பா.”

பேனர் தெருமுனையில் நின்றது. வண்டியில் போகிறவர்கள் யார் இறந்தது என்று பெயரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள். ஜோதிலட்சுமி மட்டும் கிட்டே போய், மூச்சுப் படும் தூரத்தில் நின்று பார்த்தாள். பல் தெரிகிறது என்றாள்.

வாழாமல் திரும்பிய மகளுக்கு வெட்கப்பட்டு, அவள் முகத்தை நான் சிறிதாக்கிவிட்டதாக ஊரில் பேசுகிறார்கள். அது பொய். அந்தப் படத்தில் அவள் என் மகளாக இருந்த அளவு அவ்வளவுதான், பெரிதாக்கினால் வேறு யாரோ. அவள் வைத்த அந்த அளவை நான் மாற்றவில்லை.