பெரிய துரைக்கு நாற்பது வினாடி

துளசி அந்தப் பழைய கேம் மிஷினைப் பார்த்துக்கொண்ட மாதிரி தன் பற்களைக்கூடப் பார்த்துக்கொண்டதில்லை. இத்தனைக்கும் அவளுக்கு வேலை ஈப்போவில் ஒரு பல் கிளினிக்கில். வாரம் தவறாமல் தூசி துடைப்பாள். பக்கவாட்டு ஓட்டைகளை டூத்பிரஷ்ஷால் தட்டுவாள். வானம் உறுமினால் ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்குவாள். முப்பது வயதுப் பெண் ஒரு பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுகிறாளே என்று புந்தோங்கில் அக்கம்பக்கம் முழுக்கப் பேச்சு. பேசட்டும். அந்தப் பெட்டிக்குள் அவளுடைய அக்கா நின்றுகொண்டிருந்தாள்.

அக்கா தினேஸ்வரி வீட்டை விட்டுப் போய் எட்டு வருஷம். கேமுக்குள் மட்டும் அவள் போகவில்லை. தலைக்கு மேலே 'தினேஸ்' என்ற பெயர் மிதக்க, கையில் வாளோடு ஒரு கல் வாசலின் முன்னால் நின்றாள். பக்கத்தில் ஈட்டியோடு துளசி. வாசலுக்கு அந்தப் பக்கம் கடைசிச் சண்டை. அதை இரண்டு பேரும் ஒன்றாகப் போட வேண்டும் என்பது பேச்சு.

அந்த கேமில் கோட்டைக்கு ஒரு தலைவன். ஆங்கிலத்தில் அவர்களுக்கெல்லாம் வாயில் நுழையாத பெயர்கள். அக்காவும் தங்கையும் வேறு பெயர் வைத்துவிட்டார்கள். முதல் கோட்டைக்காரன் மண்டோர். அடுத்தவன் கங்காணி. மூக்குக் கண்ணாடி போட்டவன் கிராணி. குதிரைமேல் வந்து பாடாய்ப் படுத்தியவன் சின்ன துரை. கடைசிக் கோட்டைக்குள் இருப்பவன் பெரிய துரை. அப்பாவும் அம்மா செல்லாயியும் தாப்பா பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டியவர்கள். தோட்டம் செம்பனைக்கு மாறி லயத்து வீடுகளை இடித்த பிறகுதான் குடும்பம் ஈப்போவுக்கு வந்தது. ஆகவே வீட்டில் தோட்டத்து அதிகாரிகளின் இந்தப் பெயர்களுக்குப் பஞ்சமில்லை.

அம்மாவுக்கு கேம் ஒரு மண்ணும் புரியாது. ஆனாலும் பின்னால் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டே, "அந்தக் கிராணிய நல்லா ரெண்டு போடுங்கடி, என் பங்குக்கும் சேத்து" என்பாள். சின்ன துரை விழுந்த அன்று அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டினாள். "பெரிய துரைய அடிக்கிறப்ப என்னையக் கூப்பிடுங்க. நான் பாக்கணும்" என்றாள்.

பெரிய துரையின் வாசலை அவர்கள் தொட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அக்காவுக்கு அப்போது கமுந்திங்கில் ஃபேக்டரி வேலை, ஹாஸ்டல் வாசம். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. "அடுத்த வாரம் முடிச்சிருவோம். நான் இல்லாம உள்ள போயிராத" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

அடுத்த வாரம் அவள் வந்தது கேமுக்காக அல்ல. கமுந்திங்கில் சாப்பாட்டுக் கடை நடத்தும் குடும்பத்துப் பிள்ளை கமருதீன். அவனைக் கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிறேன், மதம் மாறப் போகிறேன் என்று சொல்ல வந்தாள். அப்பா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. "போறதா இருந்தா போ. அப்பறம் இந்த வாசப்படிய மிதிக்கணும்னா என் பொணத்தத் தாண்டித்தான் மிதிக்கணும்" என்றார். அக்கா அரை மணி நேரத்தில் பையைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அதற்கப்புறம் வெளியில் பார்க்காமல் இல்லை. பஸ் நிலையத்தில், துணிக்கடையில், அக்காவுக்குப் பிள்ளை பிறந்தபோது ஆஸ்பத்திரியில். அதெல்லாம் ஒரு பார்ப்பா? துளசிக்கு அக்கா வேண்டியிருந்தது இந்த ஹாலில், இந்தத் தரையில், முழங்கால் முழங்காலோடு இடிக்க. "மிஷினத் தூக்கிக்கிட்டு இங்க வாலா, எங்க டிவில வெளாடுங்க" என்று கமருதீன் எத்தனையோ முறை கூப்பிட்டான். துளசி மாட்டேன் என்றுவிட்டாள். அங்கே போய் ஆட்டம் முடிந்துவிட்டால், அக்கா இந்த வீட்டுக்கு வர அப்புறம் என்ன காரணம் மிச்சமிருக்கும்?

ஆக, சனிக்கிழமைதோறும் துளசி தனியாக உட்கார்ந்தாள். தன் கண்ட்ரோலரில் ஒரு பூதத்தைக் கொன்றால், அதைக் கீழே வைத்துவிட்டு அக்காவின் கண்ட்ரோலரை எடுத்து இன்னொரு பூதத்தைக் கொல்வாள். யாரும் யாரையும் முந்தக் கூடாது. என்றைக்காவது அக்கா வந்து உட்காரும்போது அவளுடைய வாள் மொண்ணையாக இருக்கக் கூடாது. காடு மேடெல்லாம் அலைந்து, கவசம் சேர்த்து, கடைசியில் வாசலுக்கே திரும்பி வந்து இருவரையும் நிறுத்திவிட்டு மிஷினை அணைப்பாள்.

அப்பா மெங்லெம்புவில் ஒரு ஃபேக்டரி வாசலில் காவல் நிற்கும் ஜாகா வேலை பார்த்தார். சனிக்கிழமை பகல் ஷிப்ட் முடித்து வந்து, செருப்பைக் கழற்றிக்கொண்டே டிவியைப் பார்ப்பார்.

"முடிஞ்சுதா அது?"

"இன்னும் இல்லப்பா."

"ம்" என்று பின்கட்டுக்குக் கால் கழுவப் போய்விடுவார். மனுஷனுக்குச் செய்தி பார்க்க வேண்டும், அதுதான் எரிச்சல் என்று துளசி நினைத்துக்கொள்வாள்.

நாலாவது வருஷம் அம்மா சர்க்கரை வியாதியில் போய்ச் சேர்ந்தாள். அன்று தெருமுனையில் ஒரு சாம்பல் நிறக் காடி நின்றதைத் துளசி பார்த்தாள். கார்க் கண்ணாடிக்குப் பின்னால் யார் என்று அவளுக்குத் தெரியும். யாரும் இறங்கவில்லை. தஞ்சோங் மாலிமிலிருந்து ஓர் ஆள் வர வேண்டும் என்று சொல்லி அப்பா உடலை எடுக்க விடாமல் முக்கால் மணி நேரம் இழுத்தடித்தார். சொந்தக்காரர்கள் முணுமுணுத்தார்கள். ஆள் யாரும் வரவில்லை. எடுத்துவிட்டார்கள்.

இந்த வருஷம் மிஷின் டக்டக்கென்று சத்தம் போட ஆரம்பித்தது. பழுது பார்க்கும் கோகிலன் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "இது தாங்காதுக்கா. உள்ள இருக்கறது எல்லாம் ஒரு நாள் போயிரும்" என்றான். திரையில் கேமின் பெயரைப் பார்த்ததும் சிரித்தான். "இன்னுமா இதுல இருக்கீங்க? கடைசிச் சண்ட இருக்கே..."

"வாய மூடுலா" என்று துளசி காதைப் பொத்திக்கொண்டாள். எட்டு வருஷமாக ஒரு வீடியோவைக்கூடப் பார்க்காமல் காத்த விரதம். இவன் வாயாலா கெட வேண்டும்?

அன்றே அக்காவுக்குச் செய்தி அனுப்பினாள். 'மிஷின் சாகப் போவுது. வர்ற சனி அப்பா மூணு மணி வரைக்கும் வேலையில இருப்பாரு. ஒரே ஒரு தடவ வா.' ஒரு நாள் முழுக்கப் பதில் இல்லை. மறுநாள், 'வாரேன்' என்று ஒரு வார்த்தை வந்தது.

சனிக்கிழமை பத்து மணிக்கு அக்கா வந்தாள். காடியை இரண்டு சந்து தள்ளி நிறுத்திவிட்டு நடந்து வந்திருந்தாள். வெளிர்நீல துடோங் தலையைச் சுற்றியிருந்தது. முகம் அப்படியே அம்மா. வாசலில் செருப்பைக் கழற்றியவள் படியைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"வா க்கா."

"இருடி."

துளசிதான் கையைப் பிடித்து இழுத்தாள். உள்ளே வந்ததும் அக்கா அம்மாவின் படத்துக்கு முன்னால் நின்றாள். பிறகு தரையில் போட்டிருந்த இரண்டு மெத்தைகளில் இடப்பக்கத்தில், தன் பழைய இடத்தில், போய் உட்கார்ந்தாள். துளசி பக்கத்தில் உட்கார்ந்தாள். முழங்கால் இடித்தது. இதற்காகத்தான் இத்தனை வருஷமும்.

திரையில் தன் பெயரைப் பார்த்து அக்கா சிரித்தாள். "இன்னும் தினேஸாத்தான் இருக்கேனா? வீட்டுல அவரும் இப்படித்தான் கூப்பிடுவாரு. கடையில எல்லாருக்கும் ஷஹீரா." கண்ட்ரோலரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "குதிக்கிறது எதுடி? எல்லாம் மறந்து போச்சு."

"பரவால்ல. சின்ன துரைக்கே மூணு நாள் ஆச்சு நமக்கு. இவன் லேசுல விடமாட்டான். போகப் போகப் பழகிரும்."

மூன்று மணிக்கு இன்னும் ஐந்து மணி நேரம் இருந்தது. அது போதுமா என்பதுதான் துளசியின் கவலை. போதவில்லையென்றால் அடுத்த சனியும் அக்கா வர வேண்டியிருக்கும் என்று அவள் மனதின் ஒரு மூலை ஆசைப்பட்டதையும் மறைப்பதற்கில்லை.

வாசலைத் திறக்கப் போகும்போது அக்கா சொன்னாள், "அம்மாவக் கூப்பிடணுமே. கூப்பிடச் சொன்னிச்சே." துளசி பட்டனை அழுத்தினாள்.

கதவு திறந்தது. மேளம் முழங்கியது. தூண்கள் ஆடின. பெரிய துரை சிம்மாசனத்திலிருந்து எழுந்து இரண்டு நிமிஷம் வசனம் பேசினான். பேசி முடித்து வாளை ஓங்கினான். அக்கா ஏதோ பட்டனை அழுத்தினாள். வாள் இறங்கியது. துளசி ஈட்டியால் மூன்று குத்து. துரை ஒருமுறை சுழன்றான், ஒருமுறை நெருப்பைத் துப்பினான். அது இவர்கள் கவசத்தில் பட்டு அணைந்தது. அக்கா இன்னொரு வெட்டு. துரை மண்டியிட்டான். சாய்ந்தான்.

"இரு, இன்னொரு உருவம் எடுப்பான். ஏமாத்துறான்" என்று துளசி கண்ட்ரோலரை இறுக்கிப் பிடித்தாள்.

இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். துரை எழுந்திருக்கவில்லை. திரை இருண்டு, கேமைச் செய்தவர்களின் பெயர்கள் கீழிருந்து மேலே போக ஆரம்பித்தன. மொத்தம் நாற்பது வினாடி இருக்கும்.

"அவ்வளவுதானா?" என்றாள் அக்கா.

துரையும் சொத்தைதான். துளசி இவர்கள் இருவரையும் எட்டு வருஷம் தீனி போட்டு வளர்த்ததும் சேர்ந்துகொண்டது. அவளுக்கு அவமானமாகக்கூட இருந்தது, விருந்துக்கு அழைத்துவிட்டு வெறும் இலையைப் போட்ட மாதிரி. கடிகாரத்தில் பத்து இருபது. அக்கா கண்ட்ரோலரை மெதுவாகத் தரையில் வைத்தாள்.

"அப்ப... நான் கெளம்பவா?"

இருக்கச் சொல்ல துளசிக்குக் காரணம் ஒன்றும் அகப்படவில்லை. அப்போதுதான் வெளியே மோட்டார் நின்றது.

அப்பாவின் மோட்டார் சைக்கிள். அக்காவுக்கு முகம் வெளுத்தது. எழுந்தாள், பின்கதவைப் பார்த்தாள், அதற்குள் வாசலில் நிழல் விழுந்துவிட்டது. அப்பா ஜாகா உடுப்போடு, கையில் பிளாஸ்டிக் பையோடு நின்றார். படியோரம் கிடந்த செருப்பைப் பார்த்தார். தன் செருப்பை அதன் பக்கத்தில் கழற்றிவிட்டார். பிறகு டிவியைப் பார்த்தார்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சிச்சுப்பா" என்றாள் துளசி.

"ம்."

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. எட்டு வருஷமாக அவர் செய்திக்காகக் கேட்டிருக்கவில்லை. இரண்டு பேர் உட்காராமல் அது முடியாது என்பது அவருக்கும் தெரிந்திருந்தது.

அவர் பையைத் துளசியிடம் நீட்டினார். "நாசி கண்டார் சோறு. நேத்து ரெண்டு மெத்தை உறையையும் தொவச்சுக் காயப் போட்டியே, பாத்தேன். நம்ம சட்டில ஆக்குனா சாப்பிடுவாளோ என்னமோ, அதான் லீவு சொல்லிட்டு, பாய் கடையில கட்டிக்கிட்டு வந்தேன். நாலு பொட்டலம் இருக்கு. அந்தப் பையன் காடிலயா இருக்கான்? வெயில்ல என்னத்துக்கு, உள்ள வரச் சொல்லு."

"அவரு வரலப்பா" என்றாள் அக்கா. "புள்ளைங்களப் பாத்துக்கிட்டு வீட்டுல இருக்காரு."

"சரி, அப்ப அவன் பொட்டலத்த எடுத்துக்கிட்டுப் போ. சாப்பிட்டியா நீ?"

அக்கா அழவில்லை. அவளுக்குக் கோபம் வந்தது. "திட்டுங்கப்பா" என்றாள். "ஏதாவது சொல்லுங்க. எட்டு வருஷமா உங்களுக்கு என்ன பதில் சொல்லணும்னு பேசிப் பேசி மனப்பாடம் பண்ணி வச்சிருக்கேன். சாப்பிட்டியான்னு கேட்டா நான் அத எங்க கொண்டு போய்க் கொட்டறது? அம்மா போனப்ப முக்குல காடிக்குள்ளயே உக்காந்திருந்தேன். நீங்க மிதிக்காதன்னு சொன்னீங்கன்னு எறங்கல."

அப்பா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"காடி தெரிஞ்சுச்சு" என்றார். "எறங்குவேன்னு பாத்தேன். முக்கால் மணி நேரம் பாத்தேன்."

தஞ்சோங் மாலிமிலிருந்து வர வேண்டிய ஆள் யார் என்பது துளசிக்கு அந்த நொடியில் விளங்கியது.

"ஃபேக்டரி வேல வேணாம்னேன், போன" என்றார் அப்பா. அதட்டலில்லை, கெஞ்சுகிற மாதிரிதான் இருந்தது. "ஹாஸ்டல் வேணாம்னேன், போன. கல்யாணம் வேணாம்னேன், பண்ணிக்கிட்ட. பொறந்ததுலருந்து நான் சொன்ன எதக் கேட்டிருக்க நீ? இத ஒண்ண மட்டும் ஏம்மா கேட்ட?"

டிவியில் யார் யாருடைய பெயர்களோ இன்னும் போய்க்கொண்டிருந்தன. அப்பா கால் கழுவப் பின்கட்டுக்குப் போனார். குழாய்ச் சத்தம் வெகுநேரம் கேட்டது.

துளசி தரையில் பொட்டலங்களைப் பிரித்து வைத்தாள். அப்பா வந்து உட்கார்ந்தார். முகத்தையும் சேர்த்துக் கழுவியிருந்தார். அக்கா இன்னும் நின்றுகொண்டிருந்தாள்.

"ஆறிப் போவுது, உக்காரு" என்றார்.

அக்கா உட்கார்ந்தாள். ஒரு வாய் எடுத்தாள், விழுங்க முடியாமல் நிறுத்தினாள். கண்ணீர் அப்போதுதான் வந்தது. சோற்றுக் கையோடு சுவரிலிருந்த படத்தை அண்ணாந்து பார்த்தாள்.

"மா" என்றாள். "பெரிய துரைய அடிச்சாச்சு மா. கூப்பிடறேன், வந்து பாரு. ஒண்ணுமே இல்ல மா அவன்."